பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைத்த ரொட்டி

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கோதுமை ரொட்டியை வைத்தது யார் செய்த தவறு? இத்தனை வருடம் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை. வைக்கலாம் என்று சொன்னது அம்மா. சுட்டுத் துண்டு போட்டது சித்தி. அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அப்பா. தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நான். ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்துவிட்டேன். யார் மேலும் பழி முழுதாகப் பொருந்தவில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. வடக்கனந்தல் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். சித்தி அம்மாவின் தங்கை. கல்வராயன் மலையில் ஒரு பள்ளி விடுதியின் சமையல்கட்டில் வேலை பார்த்தவள், கல்யாணப் பேச்சு எடுக்க வேண்டும் என்று அம்மா கூப்பிட்டதால் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மலையில் ஒரு கன்னியாஸ்திரி அவளுக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அதுவரை ரேஷன் கோதுமை எங்கள் வீட்டில் மாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்தி அதைப் புடைத்து, கழுவி, காயவைத்து, மெஷினில் அரைத்துவந்தாள். கள்ளக்குறிச்சி பேக்கரியிலிருந்து ஈஸ்ட் வாங்கிவரச் சொன்னாள். கையில் ஒட்டுகிற பதத்தில் மாவைத் தளரப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடுவாள். அது நன்றாக உப்பும்வரை யாரையும் கிட்டே விடமாட்டாள். பெரிய அலுமினியக் குண்டானில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, மாவு வைத்த தகர டப்பாவை உள்ளே இறக்கி, மூடியின் மேல் நெருப்பை அள்ளிப் போடுவாள். வெந்ததும் ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டிப் பார்ப்பாள். காலிப் பெட்டியைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தால் சரி. சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும் என்று ஆறும்வரை எங்களைக் காக்க வைப்பாள். கடை ரொட்டியின் வெள்ளையும் இனிப்பும் அதில் இருக்காது. அப்பா அதைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்பார். எனக்கு வேர்க்கடலைச் சட்னி.

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். யாராவது படுத்தால்தான் கடையில் பாக்கெட் வாங்குவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் பையில் அதுவும் சாத்துக்குடியும் இருக்கும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. சில மாதங்கள் தினமும் தின்றதில் மறந்துபோயிருந்தோம். அந்த மறதியை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது.

மாப்பிள்ளை வீட்டார் மணலூர்பேட்டை. மாப்பிள்ளைக்குத் திருக்கோவிலூரில் சர்க்கார் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அவரும் அவர் அம்மாவும் ஒரு அத்தையும், பேச்சை எடுத்துவந்த உபதேசியாரோடு வந்தார்கள்.

முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள். “எல்லா வூட்லயும் கேசரி, பஜ்ஜி. நம்ம பொண்ணு கைவேலைய அவங்க பாக்க வேணாமா?”

“பஜ்ஜியே போட்டுடலாங்க்கா,” என்று சித்தி ஒரு தடவை சொன்னாள். மறுநாள் விடிவதற்குள் மாவு பிசைந்து மூடியும் வைத்திருந்தாள்.

நான் நீட்டிய தட்டை மாப்பிள்ளையின் அம்மா சற்று நேரம் பார்த்தார். “வூட்ல யாருக்குங்க ஒடம்பு முடியல?”

அப்பா சிரித்தார். “யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. எங்க கொழுந்தியா வந்ததுலேர்ந்து தெனமும் இதாங்க. வூட்ல சோறே கம்மியாயிடுச்சி.”

“தெனமுமா?” என்று அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். அத்தை சித்தியை மேலும் கீழும் பார்த்தார். சித்தி இயல்பிலேயே ஒல்லி. “மலையில நல்ல வேலதானேம்மா, இன்னாத்துக்கு வுட்டுட்டு வந்தே? தண்ணி ஒத்துக்கலியா?”

“அதெல்லாம் இல்லீங்க,” என்றாள் சித்தி. கல்யாணத்துக்காக வந்தேன் என்று அந்த இடத்தில் எந்தப் பெண் சொல்வாள்? அம்மா கண் காட்ட, அவள் உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை எதையும் கவனிக்காமல் தின்றுகொண்டிருந்தார். சட்னியை வழித்து முடித்து, இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். அவர் அம்மா அந்தக் கையைப் பிடித்தார். “டேய், உனுக்கு இன்னா, ஜொரமா?”

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பது எங்களைப் பார்த்து என்று தெரியாமல் நாங்களும் சிரித்தோம். தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி குண்டானைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். “ஏண்டி, அவரு ஓரத்த ஒதுக்கி வச்சாரா, தின்னாரா?”

“தின்னுட்டாரு.”

“நெசமாவா?”

“தட்டுல ஒண்ணுமே இல்ல சித்தி.”

அவள் குனிந்தபடியே வெகுநேரம் தேய்த்தாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க எவ்வளவோ இருக்க, ரொட்டி ஓரத்தைப் போய்க் கேட்கிறாளே என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே உபதேசியார் தனியாக வந்தார். “பொண்ணுக்கு நெஞ்சுல ஏதோ இருக்குதுன்னு அவங்க நெனைச்சிக்கினு இருக்காங்க. ஒல்லி ஒடம்பு, மலை வேலைய வுட்டுட்டு வந்தது, தெனமும் ரொட்டி. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

அம்மா மறுநாளே சித்தியைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துவந்தாள். ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். அம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உபதேசியாருக்குக் காட்டினாள். “நல்லா பாருங்க ஐயா, எங்கனா ஒரு புள்ளி இருக்குதா?” பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், ஜெபத்துக்கு வந்த பெண்களுக்கும், பால் வாங்க வந்தவருக்கும் காட்டினாள். அவர்களும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வெளியே போய், ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்குப் படம் எடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மணலூர்பேட்டைக்கு அந்தக் கேள்விதான் போய்ச் சேர்ந்தது.

எனக்கு அந்தப் படம் அழகாக இருந்தது. “இதத்தான் மாப்ள வூட்டுக்கு அனுப்பப் போறமா?” என்று கேட்டேன். அம்மா படத்தை வாங்கி உறைக்குள் வைத்தாள். சித்தி கதவுக்குப் பின்னால், புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். வெயில் காலத்தில் ஏன் இப்படிப் போர்த்திக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

பள்ளி திறப்பதற்குள் அவள் மலைக்குத் திரும்பிவிட்டாள். கோதுமை மறுபடி மாட்டுக்குப் போனது. அதன் பிறகு வந்த ஓரிரு பேச்சுகளும் நிற்கவில்லை. சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. இன்னும் அதே விடுதியில்தான் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், எங்களோடு இட்லி சாப்பிடுவாள். அவள் எதிரில் ரொட்டி என்ற சொல்லை நாங்கள் யாரும் எடுப்பதில்லை. எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம் எப்போது ஏற்பட்டது என்று தெரியவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கதவிடுக்கு வழியாக நான் வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கேசரித் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாகக் காலியானதும் எனக்குள் ஏதோ இளகியது. சித்திக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. கடை ரொட்டி எல்லாம் மைதா என்று படித்ததிலிருந்து எனக்குப் பயம். குக்கரில் நானே கோதுமை ரொட்டி சுடுகிறேன். ஒருநாள் கல்லாக வருகிறது, ஒருநாள் நடுவில் குழிகிறது. தண்ணீர் போதவில்லையா, மாவு பொங்க விட்ட நேரம் போதவில்லையா, நான் பார்க்கிற வீடியோக்கள் ஒன்றுக்கொன்று வேறு சொல்கின்றன. சரியாகத் தெரிந்த ஒரே ஆளின் எண் என் போனில் இருக்கிறது.

கேட்டால் ஆறிய புண்ணைக் கிளறியதாகுமா? கேட்காமலே இருந்தால், அவள் கைக்குத் தெரிந்த நல்ல வேலையை ஒரு நோயைப்போல நாங்களும் மறைத்து வைத்திருப்பதாகுமா? கணவரைக் கேட்டால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார். அம்மாவைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு சித்தி இருந்தால் நீங்கள் போன் செய்வீர்களா? செய்வதாக இருந்தால், முதலில் என்ன பேசுவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.