லாலிபாப்பும் ஐந்தாவது பெனால்டியும்

போன சனிக்கிழமை, இங்கே அமெரிக்காவில், பிளானோவில் ஒரு கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் என் கணவர் ரகு லாலிபாப் சப்பிக்கொண்டு நின்றார். ஆபீஸில் ஒரு பெரிய டீமையே ஆட்டிவைக்கும் மனிதர்!

அவர் மட்டுமல்ல, எல்லா அப்பா அம்மாக்களும்தான். 'சைலண்ட் சாட்டர்டே' என்று பெயர். பெற்றோர் கத்தக் கூடாது என்பதற்காக கோச்சே ஆளுக்கொரு லாலிபாப் கொடுத்துவிடுவார். ரகுவிடம் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தார்.

காரணம் இருக்கிறது. முந்தைய வாரம் எங்கள் மகள் யாழினிக்கு பெனால்டி கிக் கிடைத்தது. பதினொரு வயது, டீமில் ஃபார்வர்டு. "லெஃப்ட்ல அடிடா! லெஃப்ட்டு!" என்று ரகு கத்திய கத்தலில் பந்து கோலுக்கு மேலே பறந்தது. அதோடு விட்டாரா? டோல்வே நெடுஞ்சாலை முழுக்க, வீடு வரும்வரை... எங்கே தப்பு, ஏன் தப்பு என்று ஆபீஸ் மீட்டிங் போல ஓர் அலசல். பின்சீட்டில் யாழினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பாரே?

புதன்கிழமை பிராக்டிஸுக்குக் கிளம்பும் நேரம். "ஐ'ம் டன், அம்மா. டெல் த கோச்" என்றாள் யாழினி. இனி விளையாடவே மாட்டாளாம்; சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பிள்ளைகளைக் காரில் கூட்டிப்போகும் கார்பூல் முறை அன்று லின்னுடையது. யாழினியின் டீம் தோழியின் அம்மா, ஷாங்காய்க்காரர். வாசலில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டவர், உள்ளே வந்து யாழினியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஊரில் ஒரு ஃபார்வர்டு இருந்தாராம். அப்பா கால்பந்துப் பைத்தியம். அவரால் விளையாட வந்த பெண், சீனாவின் கேப்டனாகவே ஆகிவிட்டார். பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், இதே அமெரிக்காவில். கோலே விழாமல் பெனால்டி வரை போய்விட்டது. சீனாவின் ஐந்தாவது கிக் அவருடையது. ஒரு தோழி ஏற்கெனவே தவறவிட்டிருந்தாள். இவரும் விட்டால் அங்கேயே கதை முடிந்தது.

"கோல்தான்!" என்றார் லின். "ஆனாலும் தோத்துட்டோம்."

அமெரிக்காவின் கடைசி கிக்கும் உள்ளே போய்விட்டது. உலகம் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

"டிட் ஷி க்விட்?" என்று கேட்டாள் யாழினி.

இல்லையாம். பிறகு அமெரிக்காவுக்கே வந்து விளையாடினாராம். காயம், ஓய்வு, திரும்பவும் ஆட்டம்...

லின் அப்போது சிறுமி. விடியற்காலையில் அப்பாவோடு டிவி பார்த்தவர். தோற்றதும் அப்பா யாரையும் திட்டவில்லையாம். டிவியை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "பாவம், அந்தப் பொண்ணுக்கு இப்போ யாராவது சாப்பாடு குடுத்திருப்பாங்களா?"

கிச்சனில் காபி கலந்துகொண்டிருந்த ரகுவின் ஸ்பூன் சத்தம் நின்றுபோனது. யாழினி எழுந்துபோய் ஷூவை மாட்டினாள்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். சொல்லிவைத்தாற்போல மறுபடியும் பெனால்டி. மறுபடியும் யாழினி. அவள் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மைதானமே மௌனம். ரகுவின் வாயில் லாலிபாப் 'கடக்'கென்று உடைந்தது.

அடித்தாள். கோல்கீப்பர் விழுந்து பிடித்துவிட்டாள்.

திரும்பும்போது காரில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டோல்வேயில் ஏறியதும் ரகு தொண்டையைச் செருமினார். போச்சுடா, ஆரம்பிக்கப் போகிறார்!

"பசிக்குதாடா கண்ணு?"

பின்சீட்டிலிருந்து சின்னக் குரல்.

"எ லிட்டில்... அப்பா, ஐ வாண்ட் டு டேக் த நெக்ஸ்ட் ஒன் டூ."

அடுத்த பெனால்டியையும் அவளே அடிக்க வேண்டுமாம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரகு வாயைத் திறந்தார். 'லெஃப்ட்ல' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எனக்கு நன்றாகவே தெரிந்தது.

சட்டென்று சட்டைப்பையிலிருந்து இன்னொரு லாலிபாப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழிக்கென்று கோச்சிடம் கேட்டு வாங்கினாராம்.