அப்பா சூடாக்கிய எண்ணெய்

பக்கத்து பிளாட்டில் யாரோ தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்குகிறார்கள். அந்த மணம் என்னைக் கொம்பனித்தெருவில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளின் முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அம்மா வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் பகல் முழுக்க நின்று வேலை செய்தவர். பொதுக் குழாயில் வாளிகள் மோதும் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் ரேடியோவுக்கும் நடுவே, அப்பா அகலமான பேசின் சட்டியில் இளஞ்சூடாக உப்புத் தண்ணீர் வைத்து, அம்மாவின் கால்களை அதில் ஊறவிட்டு, நகங்கள் இளகியதும் ஓரம் வளைக்காமல் நேராக வெட்டி, ஈரம் துடைத்து, குதிக்கால் வெடிப்புகளில் இதேபோல் கற்பூரம் போட்டுச் சூடாக்கிய எண்ணெயைத் தடவுவார்.

"விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்பார் அம்மா. காலை மட்டும் இழுக்கமாட்டார்.

மாடி கட்டவென்று அந்த வரிசையை இடித்தார்கள். எங்களுக்கு ஒருகொடவத்தைப் பக்கம் இந்த பிளாட் கிடைத்தது. வந்த வருடமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

போன கிழமை அம்மா நடந்த இடமெல்லாம் தரையில் இரத்தப் பொட்டுகள். குதிக்கால் பிளந்திருந்தது. தண்ணீர் சுடவைத்து, உப்புப் போட்டு, அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நோகேல்லைப் பிள்ளை. நீ எழும்பு."

"இரத்தம் வருது அம்மா. நான் செய்தா என்ன?"

அம்மா சேலைக் கரையை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

"இந்தக் காலைக் கடைசியாத் தொட்டது உன்ரை அப்பா. அது அப்பிடியே இருக்கட்டும்."

தண்ணீர் ஆறிப்போகும்வரை நான் அம்மாவின் எதிரிலேயே இருந்தேன்.