அத்தான் கொண்டு வந்த ஒல்லாந்துக் கல்

தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில், இலங்கை ஆமி யாழ்ப்பாணக் கோட்டையை விட்டுப் போன பிறகு, சனம் அதைப் பார்க்கப் புறப்பட்டது. சாப்பாட்டுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக, ஏதோ தேர்த் திருவிழாவுக்குப் போவது போல. அக்காவின் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பண்டத்தரிப்பில் இருந்து அக்காவும் அத்தானும் நானும் போனோம். பெற்றோல் இல்லாத காலம். அத்தானின் சைக்கிள் கரியரில் அக்கா இருந்தா. நான் என்னுடைய சைக்கிளில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. இடிந்த மதிலைப் பார்க்க எதற்குப் புதுச் சட்டை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தான் ஒரு கந்தோரில் கிளாக்கர். தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, "உது வெள்ளைக்காரன் காலத்திலை கட்டினது" என்றார்.

"ஏன் கட்டினவங்கள்?" என்று அக்கா கேட்டா.

"நேரம் பாக்கத்தான்."

எரிந்துபோன நூலகத்தின் முன்னால் நின்று, அங்கே தான் படித்து முடித்த புத்தகங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். பேப்பரில் மரண அறிவித்தலைத் தவிர வேறெதையும் அவர் வாசித்து நான் கண்டதில்லை.

கோட்டைக்குள் போகச் சனம் வரிசையில் நின்றது. வாசலுக்கு மேலே கட்டிய ஆண்டைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். அத்தான் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்கை எத்தினை பேர் இருந்தவங்கள் எண்ட கணக்கு" என்றார். பின்னால் நின்ற ஒருவர் அதைத் தன் மனைவிக்கு அப்படியே சொன்னார்.

உள்ளே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய தேவாலயம் கூரையில்லாமல் நின்றது. சமாதிக் கல் ஒன்றில் ஒரு குடும்பம் சம்மணம் கட்டியிருந்து புட்டுச் சாப்பிட்டது. ஆளாளுக்கு ஏதோ பொறுக்கினார்கள். அத்தானும் கல்லுக் குவியலுக்குள் இருந்து ஒரு பலகைக் கல்லை உருட்டி எடுத்தார். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட நீளம். ஒரு பக்கம் வழுவழுப்பு. அதில் சேறும் சுண்ணாம்பும் அப்பிக் கிடந்தன.

"கிணத்தடியிலை உடுப்புத் தோய்க்க அளவாயிருக்கும்" என்றார்.

"அத்தான், உது சமாதிக் கல்லு மாதிரிக் கிடக்கு."

"உனக்கென்ன தெரியும் பிள்ளை? உது வாசல்படிக் கல்லு."

கல்லைக் கரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். அதுவரை அந்த இடத்தில் இருந்தவ அக்கா. அவ வந்து என் கரியரில் ஏறினா. மானிப்பாய் தாண்டமுதல் அத்தானின் பின் ரயர் வெடித்தது. ரியூப் வாங்க இயலாத நாட்கள் அவை.

"கல்லைப் போட்டிட்டு வாங்கோவன்" என்றா அக்கா.

"நீங்கள் போங்கோ. நான் உருட்டிக்கொண்டு வாறன்."

நாங்கள் போனோம். நான் திரும்பியும் பார்க்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார். பின் றிம் நெளிந்திருந்தது. கல்லுக்கு ஒரு கீறலும் இல்லை.

அடுத்த நாள் காலையில் அக்கா அதைத் தும்பால் உரஞ்சிக் கழுவினா. முதலில் சில எழுத்துகள் தெரிந்தன. பிறகு இரண்டு எலும்புகள், அவற்றுக்கு மேலே பல்லோடு ஒரு மண்டையோடு. அக்கா தும்பைப் போட்டுவிட்டு எழும்பினா.

"இஞ்சாருங்கோ, உதிலை நான் என்ரை பிள்ளையின்ரை சட்டையைத் தோய்க்கமாட்டன்."

"ஒல்லாந்தன் செத்து எத்தினை காலம். அவன் இனி என்ன செய்யப்போறான்?"

"அப்ப நீங்கள் தோயுங்கோ."

உடுப்புத் தோய்ப்பது அத்தானின் வேலையல்ல. இரண்டு நாள் கல் கிணற்றடியில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அக்கா பக்கத்து வளவுக் கிணற்றில் குளித்தா. மூன்றாம் நாள் அத்தான் கல்லை வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கம் உருட்டிக்கொண்டு போய், கக்கூஸ் வாசலில், மண்டையோடு நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்துப் படியாகப் பதித்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆர் வந்தாலும் கோடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அடியிலை ஒல்லாந்து ராசாவின்ரை முத்திரை இருக்கு" என்பார். வந்தவர்கள் கல்லைக் குனிந்து பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். கந்தோரில் அவருக்கு மேலே இருந்த பெரியவர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.