வாரத்துக்கு விட்ட ஆடுகள்

கண்மாய்க்கரை உடைந்த மறுநாள் காலையில் மானகிரிப் பக்கம் கண்ட காட்சி எனக்கு இன்னும் மங்கவில்லை. செத்த ஆடுகளை மேட்டில் கிடத்தி, ஒவ்வொன்றின் முகத்திலும் அப்பியிருந்த சேற்றை ஒரு பெண் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. சாக்கோட்டையில் கால்நடை மருத்துவராக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மழையில் இறந்த கால்நடைகளைப் பார்த்து நான் சான்று கொடுத்தால்தான் உரியவருக்கு அரசாங்க நிவாரணம் கிடைக்கும். “மொகத்துல சேத்தோட எப்படிப் பொதைக்கிறது, டாக்டரய்யா?” என்றார் அவர். ஊரில் அவரை ஆட்டுக்காரம்மா என்பார்கள். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள்.

சில வாரங்கள் கழித்து, நிவாரணம் வழங்கத் தாசில்தார் ஊர்ச் சாவடிக்கு வந்தார். கிராம முன்சீப் அந்த அம்மாவின் பெயரையே கொடுத்திருந்தார். ஆட்டோடு அலைந்தவர் அவர்தானே, வேறு யாரை நினைப்பார்? பெயரைக் கூப்பிட்டதும் அவர் முன்னால் வந்து நின்றார். கைநாட்டு வைக்க மட்டும் கை நீட்டவில்லை.

“ஆடு என்னுது இல்லைங்கய்யா. காரைக்குடித் தோல்கடை பாயோடது. நான் வாரத்துக்கு மேச்சேன்.”

தாய் ஆடுகள் பாய் வாங்கி விட்டவை. ஈனும் குட்டிகளில் பாதி வளர்ப்பவருக்கு. அதுதான் வாரம். தாசில்தார் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, உரியவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வாய் திறக்காமல் வாங்கிப் போயிருந்தால் பிள்ளைகளுக்கு ஆகியிருக்குமே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

மதியத்துக்குள் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அந்த மழையில் அவர் கிடங்கிலும் தண்ணீர் புகுந்து தோலெல்லாம் அழுகிப்போயிருந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரைக் கண்டதும் ஆட்டுக்காரம்மா வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“ஏத்தா, மழைக்கப்புறம் கடைப்பக்கம் வரவே இல்லையே?”

“என்ன மொகத்தோட வருவேன், பாய்? கரைக்குக் கீழ ஆட்டை அடைச்சுக் கெடை போட்டது நான்தான?”

“கரை ஒடையும்னு யாரு கண்டா. நீயும் பிள்ளைகளும் பொழைச்சிக் கெடக்கீக, அது போதும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். பணத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்தார். அவ்வளவுதானா என்று முன்சீப் என்னைப் பார்த்தார். பாய் வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனார்.

“வர்ற சந்தைக்கு வந்துரு. ஆடு நீதான் பாத்து எடுக்கணும். எனக்குத் தோலைத்தான் தெரியும்.”

“மறுபடியும் என்னை நம்பியா விடப் போறீக?”

“இந்தத் தடவை வாரம் கெடையாது. எடுக்கிற தாய் ஆட்டுல பாதி உன்னுது. செத்தது எனக்கு மட்டுமா செத்துச்சு?”

ஆட்டுக்காரம்மா அப்போதுதான் அழுதார். ஆடுகளைப் புதைத்த அன்றுகூட அழாதவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சும்மா வேண்டாம் பாய். எம்பங்குக் குட்டியில கொஞ்சங் கொஞ்சமா கழிச்சுக்கங்க” என்றார். “சரி, அப்படியே வச்சுக்குவோம்” என்றார் பாய். கழித்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சந்தையில் இருவரையும் பார்த்தேன். அந்த அம்மா ஒவ்வொரு ஆட்டின் மடியையும் தொட்டுப் பார்த்து வேண்டாமென்று நகர, பாய் குடையைப் பிடித்தபடி பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

இப்போது நிவாரணம் நேரே வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. நல்லதுதான், யாரும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘உரிமையாளர் யார்’ என்ற கேள்வியை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த அம்மாவின் நினைவு வரும். அந்தச் சந்தைக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஆஸ்பத்திரி வாசல் கொள்ளாத மந்தையோடு தடுப்பூசி போட வந்தார். கூடவே மூத்த மகள், பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தாள். “இதுல பாயோடது எது, உங்களோடது எது?” என்று பதிவேட்டில் எழுத வழக்கம்போல் கேட்டேன்.

சிரித்துக்கொண்டே ஒரு குட்டியைத் தூக்கி என் முன் நிறுத்தினார்.

“ஊசியப் போடுங்கய்யா. நோவு என்ன ஆளு பாத்தா வருது?”