ஐஃபல் மலையில் ஓர் அடியழிப்பு

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தமிழ்ச் சனத்துக்குள் பாலாம்பிகையின் வாய்க்குப் பயப்படாத ஆளில்லை. அந்த வாய் ஒரேயொரு விஷயத்தில்தான் அடங்கும். ஊர் அம்மனுக்கு வைத்த நேர்த்தியை யாராவது ஞாபகப்படுத்தினால் போதும், எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

கணவன் ஸ்ரீதரன் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு மாதக்கணக்கில் தகவல் இல்லாதபோது வைத்த நேர்த்தி அது. அவன் உயிரோடு போய்ச் சேர்ந்தால் கோயில் வீதியில் அடியழிப்பதாக அழுது நேர்ந்திருந்தாள். மூன்றடிக்கு ஒருதரம் விழுந்து கும்பிட்டபடி கோயிலைச் சுற்றி வருவது. அவன் போய்ச் சேர்ந்தான். திருவிழா வருமுன் ஊரை ஆமி பிடித்தது. கோயில் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிறகு அவளும் அவனிடம் வந்து சேர்ந்தாள்; நேர்த்தி அப்படியே கிடந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் ஸ்ரீதரன் அவளை ஐஃபல் மலைப்பக்கம் கூட்டிப்போனான். கிறிஸ்தவம் வருமுன் அங்குள்ள சனம் கும்பிட்ட கோயிலொன்றைப் பழைய அத்திவாரத்தின் மேலேயே திரும்பக் கட்டியிருந்தார்கள். நடுவில் மூலஸ்தானம் மாதிரி ஓர் அறை, சுற்றிவரத் தூண் வைத்த நடை. அறைக்குள் மடியில் பழக்கூடையோடு மூன்று தாய்மார், எல்லாம் சீமெந்து நகல்.

"இஞ்சாருங்கோ, எங்கட கோயில் உள்வீதி மாதிரியே!" என்று சப்பாத்தைக் கழற்றினாள் பாலாம்பிகை.

"என்னப்பா செய்யிறீர்? இது சும்மா பாக்கிற இடம். கும்பாபிஷேகமும் நடக்கேல்லை."

"அம்மா எண்டால் அம்மாதானே. நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விழுந்தாள், எழுந்தாள், மூன்றடி நடந்து மறுபடி விழுந்தாள். தலைசுற்றி விழுகிறாளாக்கும் என்று டிக்கெட் கொடுக்கும் மனுசி தண்ணீரோடு ஓடிவந்தாள். ஸ்ரீதரனுக்கு மானம் கப்பலேறியது. பிரார்த்தனை என்று அரைகுறை ஜெர்மனில் சமாளித்தான். அந்த மனுசி என்ன நினைத்தாளோ, பார்க்க வந்த மற்றவர்களை வாசலிலேயே மறித்து வைத்தாள்.

நெற்றி குளிர்ந்த கல்லில் படும்போதெல்லாம் பாலாம்பிகைக்கு ஊர் வீதியின் சுடுமணல்தான் மணத்தது. சுற்று முடிந்து நிமிர்ந்தவள் தாய்மாரைப் பார்த்தாள். யாரோ அவர்களின் காலடியில் புதுப் பூ வைத்திருந்தார்கள். குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள்.

"நேர்த்தி முடிஞ்சுதெல்லே, பிறகேன் அழுறீர்?"

"இவையளுக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஆரோ வீடு கட்டிப் பூ வைக்கினம். எங்கட அம்மன் அங்கை விளக்குமில்லாமல் தனிய இருக்கிறா. நான் நேர்த்தியை இஞ்சை முடிச்சுப்போட்டன். இனி அவவிட்டைப் போறதுக்கு எனக்கு என்ன சாட்டு இருக்கு?"

ஸ்ரீதரன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

"அப்ப இன்னொரு நேர்த்தி வையும்," என்றான். "இந்தமுறை ரெண்டு பேருக்கும் சேர்த்து வையும்."