ஒயர் பிடிக்க ஓர் ஆள்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஒரு லாட்ஜ். காலை டீயோடு வாசலில் நிற்கிறேன். எதிரே புல்தரையில் தோட்டக்காரர் ஏழுமலை, பழைய கரண்ட் மிஷினால் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். மிஷினுக்குக் கவிழ்த்த தகரச் சட்டி போன்ற உடம்பு. அதன் அடியில் ஃபேன் மாதிரி ஒரே ஒரு பிளேடு சுழல்கிறது. வரிசை முடிந்ததும் மிஷினை அவர் திருப்புவதில்லை. கைப்பிடியை மட்டும் மறுபக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் போய் நின்று தள்ளிவருகிறார். திருப்பினால் ஒயர் சுற்றிக்கொள்ளுமாம்.

அந்த நீள ஒயர் முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டுகள்.

"ஏங்க இவ்வளவு ஒட்டு?" என்று கேட்கிறேன்.

"என் சம்சாரம்தான் சார் ஒயர புடிச்சிக்கினு நிப்பா. அவ இருந்தவரைக்கும் ஒரு வாட்டிகூட பிளேடுல மாட்னதில்ல. தை மாசம் காய்ச்சல்ல செத்துப்பூட்டா. இப்ப தோள்ல போட்டுக்கினு ஓட்றேன், அறுந்துக்கினே இருக்குது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒயரைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு முதுகைக் காட்டியபடி நேராகப் போகிறார். கோடியில் கைப்பிடியைச் சாய்த்து, என்னைப் பார்த்தபடி தள்ளிவருகிறார். இரண்டாம் முறை வரும்போது பாதியிலேயே ஸ்விட்சை அணைக்கிறார்.

"வுட்ருங்க சார்."

"நான் சரியா புடிக்கலியா?"

"நல்லாத்தான் புடிக்கிறீங்க. திரும்பி வர்றப்ப அவ நின்ன எடத்துல வேற ஆள பாக்க முடியல சார்."

ஒயரைப் புல்லில் வைக்கிறேன். அவர் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மீதிப் புல்லை வெட்டப் போகிறார்.