லேப்டாப்பில் சத்தம் வரவில்லையாம்

இன்று எங்கள் சூளகிரி கம்பெனியில், மிஷின் இரைச்சலிலிருந்து காதைக் காப்பது பற்றிப் படம் காட்டினார்கள்.

சேஃப்டி ஆபீசர், டிஸ்க் போடுகிற பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த எனக்குப் படத்தின் பேச்சு தெளிவாகவே கேட்டது.

என் பக்கத்தில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வெகுகாலமாக வேலை செய்யும் முனியப்பண்ணன்.

"சவுண்டு வைங்க சார், ஒண்ணும் கேக்கல."

ஆபீசர் வால்யூமை முழுசாக ஏற்றினார். எனக்குக் காது வலித்தது.

"இப்பவும் கேக்கலைங்க சார்."

பிரஸ் ஷாப் வரிசை மொத்தமும் தலையாட்டியது.

ஆபீசரும் பழைய பிரஸ் ஷாப் ஆள்தான். டிஸ்க்கைத் துடைத்துப் போட்டும் பார்த்தவர், "லேப்டாப்லதான் கோளாறு. அடுத்த வாரம் பெரிய ஸ்பீக்கர் கொண்டாறேன்" என்றார்.

"உனக்குக் கேட்டுச்சாப்பா?" என்றார் அண்ணன்.

இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்துக்கு எனக்கு இயர் பிளக் வேண்டும். அண்ணனுக்கு என்ன வேண்டும் என்பதை யார் அவரிடம் சொல்வது?